எந்த வீட்டு ரத்தம்?

பாளையங்கோட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. என் மருமகள் பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பழையபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். காலையில் அவளே இன்சுலின் பென்னை எடுத்து, டயலைத் திருகி, எத்தனை யூனிட் என்று சத்தமாகப் படிக்கிறாளாமே! ஏழு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய காரியம். அவளுக்கு என் முத்தம் சொல்லு.

நேற்று நீ பேச்சைப் பாதியில் நிறுத்தி போனை வைத்துவிட்டாய். பக்கத்தில் யாரோ வந்திருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். போனில் பேச முடியாததைக் காகிதத்தில் பேசலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டது இரண்டு கேள்வி. "இது நம்ம வீட்டு ரத்தத்துல இருந்துதான் வந்துச்சா அண்ணா?" என்பது ஒன்று. பாப்பாவின் தம்பி சின்னவனுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பத்து வயசிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மரபியல் நடத்துகிறவன்.

முதலில் அந்தப் பழிப்பேச்சை முடித்துவிடுவோம். "அண்ணனுக்கு இருந்ததை மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டாங்க" என்று உன் அத்தை சொன்னார்களாமே. மறைக்கவில்லை. நிச்சயத்தன்று பந்திக்கு முன்னால் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று, சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டுதான் இலையில் உட்கார்ந்தேன். "அப்போ உங்க ஜாங்கிரி எனக்குத்தான் தம்பி" என்று அவர் சிரித்துக்கொண்டே என் இலையிலிருந்து எடுத்துக்கொண்டார். அத்தைக்கு அது மறந்திருக்கலாம். பேத்தியை ஐ.சி.யு.வில் பார்த்த பயம் அப்படிப் பேச வைக்கிறது. பயத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. மருமகளான நீ கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

நீ பதிலுக்கு, "உங்களுக்கும்தானே இருபது வருஷமா சுகர்?" என்று கேட்டுவிடாதே. அதுவும் தப்பு. அத்தைக்கு இருப்பது டைப் 2. அங்கே இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதற்குச் சரியாக மசிவதில்லை; போகப் போகச் சுரப்பும் குறைகிறது. பாப்பாவுக்கும் எனக்கும் இருப்பது டைப் 1. இங்கே நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அந்நியம் என்று தாக்கி அழித்துவிடுகிறது. பெயர்தான் ஒன்று. மரபணுக் கணக்கு பெரும்பாலும் வேறு வேறு.

சரி, டைப் 1-ன் மரபணுக் கணக்கு என்ன? வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன்.

நம்முடைய ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. செல்கள் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு தாம்பாளத்தில் வைத்து வெள்ளை அணுக்களுக்குக் காட்டும். சீர்வரிசைத் தட்டை ஊருக்குக் காட்டுவது போல என்று வைத்துக்கொள். தட்டில் இருப்பது நம் வீட்டுச் சாமானா, வெளியிலிருந்து வந்ததா என்று வெள்ளை அணு பார்த்து முடிவு செய்யும். அந்தத் தாம்பாளத்தைச் செய்வதுதான் எச்.எல்.ஏ. மரபணுக்களின் வேலை. ஆளுக்கு ஆள் தாம்பாளத்தின் வார்ப்பு மாறும். சில வார்ப்புகளில் கிருமியின் துண்டு கச்சிதமாக உட்காரும். சிலவற்றில் நம் சொந்த இன்சுலினின் துண்டே வெள்ளை அணுவைச் சீண்டுகிற மாதிரி உட்கார்ந்துவிடும்.

இந்த வார்ப்பு வித்தியாசம் எவ்வளவு சின்னது தெரியுமா? 1987-ல் ஜான் டாட், ஜான் பெல், ஹ்யூ மெக்டெவிட் என்ற மூவர் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். டி.கியூ. என்கிற எச்.எல்.ஏ. புரதத்தின் பீட்டா சங்கிலியில் 57-ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பு. அங்கே வேறு அமினோ அமிலம் இருந்தால் ஆபத்து கூடுகிறது. நீண்ட சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி. இதை நடத்தும்போதெல்லாம் நான் என் விரல் நுனியில் இருக்கும் ஊசித் தழும்புகளை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

எச்.எல்.ஏ. வார்ப்புகளில் இதற்குப் பேர்போனவை இரண்டு: டி.ஆர்.3, டி.ஆர்.4. ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்ப்பு இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. டி.ஆர்.3-ம் டி.ஆர்.4-ம் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால்தான் ஆபத்து எல்லாவற்றையும்விட அதிகம். இப்போது நீயே யோசி. இந்த இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர வேண்டுமானால், ஒன்று அம்மா கொடுத்திருக்க வேண்டும், இன்னொன்று அப்பா கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எந்த வீட்டு ரத்தம் என்ற கேள்விக்கு உயிரியல் தரும் பதில், இரண்டு வீட்டு ரத்தமும் என்பதுதான். பாப்பாவிடம் எந்த ஜோடி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வைத்தியத்துக்கு அது தேவையும் இல்லை.

எச்.எல்.ஏ. மட்டும் கதை இல்லை. பரம்பரை ஆபத்தில் ஏறக்குறையப் பாதி அதன் கணக்கு. மீதி, குரோமோசோம்களில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அதில் எனக்குப் பிடித்தது பதினோராவது குரோமோசோமில் இன்சுலின் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பகுதி. அங்கே ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும். அது நீளமாக இருப்பவர்களுக்கு, தைமஸ் சுரப்பியில் இன்சுலின் கொஞ்சம் அதிகமாக உண்டாகிறது. வெள்ளை அணுக்கள் நம்மவர் யார், அந்நியர் யார் என்று பாடம் படிக்கிற இடம் தைமஸ். அங்கே இன்சுலினைப் பார்த்துப் பழகினால் பின்னால் தாக்குவது குறையும். தாக்கத் துடிக்கிற அணுக்கள் அங்கேயே கழிக்கப்பட்டுவிடும். அந்தப் பகுதி குட்டையாக இருப்பவர்களுக்குப் பாடம் அரைகுறையாகிறது. ஆபத்தைக் கூட்டுவது போலவே குறைக்கிற மரபணுக்களும் உண்டு. டி.கியூ.6 வகையில் ஒன்று இருந்தால் குழந்தைப் பருவத்தில் டைப் 1 வருவது மிக அரிது.

"சொந்தத்துல கட்டலையே, அப்புறம் எப்படிப் பரம்பரை நோய்?" என்று சித்தி கேட்டாளாம். சொந்தத்தில் கட்டினால் கூடுகிறவை வேறு நோய்கள். ஒரே ஒரு மரபணு பழுதாகி, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அதே பழுது வந்து சேரும்போது வருபவை. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏனென்றால் அதில் சில வகைக்கு ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையிலேயே சமாளிக்கலாம். பாப்பாவுக்கு ஏழு வயசு. அவள் கதை அது அல்ல.

இப்போது எண்களுக்கு வருகிறேன். மேலை நாட்டுக் கணக்குதான் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதையே சொல்கிறேன். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத குழந்தைக்கு டைப் 1 வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று நான்கு. அம்மாவுக்கு இருந்தால் நூற்றில் இரண்டு மூன்று. அப்பாவுக்கு இருந்தால் நூற்றில் ஐந்து ஆறு. உடன்பிறந்தவருக்கு இருந்தாலும் நூற்றில் ஐந்து ஆறு. புதிதாக டைப் 1 வருகிறவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை. நம் வீட்டிலும் எனக்கு முன்னால் யாருக்கும் இல்லை. அப்பா தன் சொந்தக்காரர்களையும் அம்மா தன் சொந்தக்காரர்களையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, ஒருவர்கூடக் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

உடன்பிறந்தவர் கணக்கைச் சொல்லும்போது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த நூறு பேரில் நீ ஒருத்தி. அடுக்களை மேடையில் ஸ்பிரிட் விளக்கு எரியும். டெஸ்ட் டியூபில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, அம்மா காய்ச்சுவாள். இடுக்கியைப் பிடிக்க உனக்குத்தான் ஆசை. நீலமாகவே இருந்தால் அம்மாவின் முகம் தெளியும். பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாற அவள் வாய் முணுமுணுக்கும். கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து எடுப்பதும், இன்சுலின் புட்டியை மண்பானைக்குள் வைப்பதும் உனக்கு விளையாட்டுப் போல இருந்தது. அப்பா அம்மா எனக்குக் கொடுத்த அதே குரோமோசோம்களிலிருந்துதான் உனக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது, உனக்கு வரவில்லை. நீ வாங்கி வந்த சீட்டு வேறு.

அச்சு அசலாக ஒரே சீட்டை வாங்கி வந்தவர்கள் கதி என்ன? ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களைப் பார். ஒருவருக்கு டைப் 1 வந்தால் இன்னொருவருக்கு வருவது நூற்றில் முப்பது முதல் ஐம்பது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அறுபது வயது வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு வரை போயிருக்கிறது. அப்போதும் நூறு ஆகவில்லை. முதலாமவருக்கு வந்து பல வருஷம் கழித்துக்கூட இரண்டாமவருக்கு வருகிறது. மரபணு இடத்தை மட்டும்தான் தயார் செய்து வைக்கிறது. வேறு ஏதோ ஒன்று வந்து தொடங்கி வைக்க வேண்டும்.

அதற்கு நல்ல சாட்சி பின்லாந்து. உலகத்திலேயே குழந்தைகளுக்கு டைப் 1 அதிகம் வரும் நாடு அது. எல்லையைத் தாண்டினால் ரஷ்யாவின் கரேலியா. அங்கும் ஆபத்தான எச்.எல்.ஏ. வகைகள் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கின்றன. ஆனால் பின்லாந்தில் வருவதில் ஆறில் ஒரு பங்குதான் கரேலியாவில் வந்தது என்று 2005-ல் எழுதினார்கள். வாழ்கிற சூழல்தான் வேறு. காக்ஸாக்கி போன்ற குடல் வைரஸ்கள் மேல் பலமான சந்தேகம் இருக்கிறது. இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுகிற நிலைக்கு உலகம் இன்னும் வரவில்லை.

நீ அழுதுகொண்டே கேட்டாயே, தாய்ப்பால் பத்தாமல் பால் பவுடர் கொடுத்ததால்தானோ என்று. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 15 நாடுகளில், குடும்பத்தில் டைப் 1 உள்ள, மரபணு ஆபத்தும் உள்ள 2,159 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குச் சாதாரணப் பசும்பால் பவுடர், மீதிப் பேருக்குப் புரதத்தை முன்கூட்டியே சிதைத்த விசேஷ பவுடர் என்று பிரித்துக் கொடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: நோய் வருவதில் வித்தியாசம் இல்லை. சாக்லேட், ஐஸ்கிரீம் என்று பேசுகிறவர்களுக்கு நீ பதிலே சொல்ல வேண்டாம். இனிப்பு தின்று டைப் 1 வருவதில்லை.

இனி சின்னவன். மாப்பிள்ளை அனுப்பிய லேப் விளம்பரத்தைப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பினால் "ஆபத்து மதிப்பெண்" தருவார்களாம். என் யோசனை, அந்தக் காசைப் பாப்பாவின் சர்க்கரையைப் பார்க்கும் சென்சாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன்.

சின்னவனுக்கும் அக்காவுக்கும் தாம்பாள வார்ப்பு இரண்டும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் ஒத்துப்போக நாலில் இரண்டு. இரண்டுமே மாறிப்போக நாலில் ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் நூற்றில் ஐந்தாறு என்பது பத்துக்கு மேல் ஏறும். இரண்டும் மாறியிருந்தால் ஒன்றிரண்டாக இறங்கும். மோசமான பதில் வந்தாலும் வராமல் போகவே அதிக வாய்ப்பு. நல்ல பதில் வந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், டி.ஆர்.3, டி.ஆர்.4 இரண்டையும் சுமக்கிற குழந்தைகளில்கூட ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான் பதினைந்து வயதுக்குள் நோய் வருகிறது. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நீ செய்யக்கூடியது ராத்திரி தூங்காமல் கிடப்பது மட்டும்தான். மேலும், அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துக் கட்டப்பட்டவை. பி.டி.பி.என்.22 என்ற மரபணுவில் ஐரோப்பாவில் பேர்போன மாற்றம் ஆசியாவில் அரிது. புனேயில் நம் நோயாளிகளிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், அந்த மதிப்பெண் டைப் 1-ஐயும் டைப் 2-ஐயும் பிரித்துக் காட்ட உதவியது. ஆனால் ஐரோப்பியர்களிடம் பிரித்த அளவுக்குத் துல்லியமாக இல்லை.

அதைவிடப் பயனுள்ளது ஒன்று இருக்கிறது: எதிர்ப்பொருள் பரிசோதனை. தாக்குதல் தொடங்கிவிட்டால், சர்க்கரை ஏறுவதற்குப் பல மாதம், பல வருஷம் முன்னாலேயே ரத்தத்தில் தடயம் தெரியும். இன்சுலினுக்கு எதிரானது, காட், ஐ.ஏ.2, இசட்.என்.டி.8 என்று நாலு வகை பார்ப்பார்கள். கொலராடோ, பின்லாந்து, ஜெர்மனிக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 2013-ல் சொன்ன கணக்கு இது: இரண்டு அல்லது அதற்கு மேல் எதிர்ப்பொருள் இருந்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் நோய் வந்தது, ஒன்று மட்டும் இருந்தவர்களில் சுமார் 15 சதவீதம், ஒன்றுமே இல்லாதவர்களில் அரை சதவீதம்கூட இல்லை. எது நடக்கலாம் என்பதை மரபணு சொல்கிறது, எது நடந்துகொண்டிருக்கிறது என்பதை எதிர்ப்பொருள் சொல்கிறது. பாப்பாவைப் பார்க்கிற டாக்டரிடமே கேளுங்கள். ஒருமுறை இல்லை என்று வந்தாலும், சில வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மாப்பிள்ளை கேட்பார். நியாயமான கேள்வி. தெரிந்திருந்தால் பாப்பாவைப் போல மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, ஐ.சி.யு.வுக்குப் போகிற நிலை வராமல் தடுக்கலாம். அது சாதாரண லாபமில்லை. டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதிப்படி, எட்டு வயசும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, எதிர்ப்பொருள்களோடு சர்க்கரையும் லேசாகத் தடுமாறத் தொடங்கிய கட்டத்தில், பதினான்கு நாள் ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் நோய் ஏறக்குறைய இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. விலை நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டாதது. ஆனால் சின்னவனுக்கு இப்போது மூன்று வயசுதான். உலகம் அதற்குள் நகர்ந்திருக்கும்.

கடைசியாக, உன் அத்தை "வெளியே தெரியவேண்டாம், பொம்பளப் பிள்ளை" என்று சொன்னது பற்றி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் மதினியைப் பெண் பார்க்கப் போன அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் பிள்ளைகளுக்கு வரலாமா என்று அவள் கேட்டாள். நூற்றில் ஐந்தாறு என்றேன். "அப்போ தொண்ணூத்தி நாலு நம்ம பக்கம்தானே" என்றாள். மூத்தவன் கல்லூரியில் படிக்கிறான், இளையவள் பிளஸ் ஒன். இரண்டு பேருக்கும் இதுவரை இல்லை. பாப்பா நாளைக்குத் தாயானால், அவள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நான் என் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாய்ப்பில் பாதிதான். அப்பாவிடமிருந்து போவதைவிட அம்மாவிடமிருந்து போவது குறைவு. பெண்பிள்ளை என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லு.

இந்தியாவில் இருபது வயதுக்கு உட்பட்ட டைப் 1 பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்கு சொல்கிறது. வேறு எந்த நாட்டைவிடவும் அதிகம். அத்தனை வீட்டிலும் இதே கேள்வி, இதே முணுமுணுப்பு. ஒளித்து வைத்தால் ஆபத்து பிள்ளைக்குத்தான். சர்க்கரை இறங்கி வகுப்பில் அவளுக்கு மயக்கம் வரத் தொடங்கினால், பையில் குளுக்கோஸ் இருப்பது டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் மூன்று காரியம் செய். நாளைக்கே பாப்பாவின் வகுப்பு டீச்சரைப் பார்த்து, ஊசி, குளுக்கோஸ், மயக்கத்தின் அறிகுறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வா. சின்னவன் அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டாலோ, படுக்கையில் சிறுநீர் போவது நின்றுபோய்த் திரும்ப வந்தாலோ, இளைத்தாலோ, காரணமில்லாமல் வாந்தி எடுத்தாலோ, வேறு எதற்கும் காத்திராமல் வீட்டில் இருக்கிற மீட்டரில் உடனே சுகர் பார். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்து, அத்தைக்கு அவர் வாயாலேயே படித்துக் காட்டச் சொல்லு. நீ சொன்னால் அது பதில் பேச்சாகிவிடும், மகன் சொன்னால் காதில் ஏறும்.

அன்புடன்,
உன் அண்ணன்